வீடு மாறியாச்சு, வரி ஆபீசுக்குச் சொன்னீர்களா? நெல்லைப் பக்கம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பாளையங்கோட்டையில் வருமான வரி ரிட்டர்ன் போட்டுக் கொடுப்பது என் வேலை. ஜூலை மாதம் வந்தால் கூட்டம் தாங்காது. வருகிறவரிடம் "முகவரி போன வருஷம் உள்ளதுதானே?" என்று கேட்டால் "அதேதான் சார்" என்று பட்டென்று பதில் வரும். நாலு நிமிஷம் கழித்து, பேச்சுவாக்கில், "இப்ப கே.டி.சி. நகர்ல வீடு கட்டிப் போயாச்சுல்லா" என்பார். அதற்கு அப்புறம் அவரும் நானும் பேசுகிற பேச்சுதான் இந்தப் பக்கம்.

வீடு மாறினதை வரி ஆபீசுக்குச் சொல்லியே ஆகணுமா?

ஆமாம். ஆனால் வரி ஆபீஸ் என்று ஒரே ஒரு இடம் கிடையாது. வருமான வரிக்கு ஒரு பதிவேடு, ஜிஎஸ்டிக்கு ஒன்று, மாநகராட்சிக்கு ஒன்று, ஆர்டிஓவுக்கு ஒன்று. ஒருவர் வீட்டுச் சங்கதி அடுத்தவருக்குத் தெரியாது. வருமான வரிக்குள்ளேயே உங்கள் முகவரி மூன்று இடத்தில் கிடக்கிறது: பான் பதிவேட்டில், வருமான வரி இணையதளத்தில் உள்ள உங்கள் கணக்கில், நீங்கள் வருஷா வருஷம் போடும் ரிட்டர்னில். மூன்றிலும் மூத்தது பான் பதிவேடு. அதை விட்டுவிட்டு மற்ற இரண்டையும் மாற்றிவிட்டு நிம்மதியாக இருப்பவர்கள்தான் அதிகம்.

பான் அட்டையில் முகவரியே இல்லையே, அப்புறம் எதை மாற்ற?

பெயர், அப்பா பெயர், பிறந்த தேதி, படம், கையெழுத்து. அட்டையில் அவ்வளவுதான். அதனால் வீடு மாறினால் புது அட்டை வேண்டாம், பத்து எழுத்து எண்ணும் மாறாது. ஆனால் விண்ணப்பம் போட்ட அன்றைக்கு நீங்கள் கொடுத்த முகவரி பின்னால் பதிவேட்டில் அப்படியே உட்கார்ந்திருக்கிறது. கல்லூரி ஹாஸ்டல் முகவரியில் பான் வாங்கி, இன்றைக்குப் பிள்ளையைக் கல்லூரியில் சேர்க்கும் வயதிலும் அதே ஹாஸ்டல் முகவரியோடு இருப்பவர்களைப் பார்த்திருக்கிறேன்.

இதில் வேடிக்கை ஒன்று. அட்டை தொலைந்துபோய் மறுபிரதி கேட்டால், அது பதிவேட்டில் உள்ள முகவரிக்குத்தான் போகும். முகவரியை மாற்றாமல் மறுபிரதிக்குப் பணம் கட்டினால், அட்டை பழைய வீட்டுக் கதவைத் தட்டும். முதலில் முகவரி, பிறகு அட்டை.

சரி, பான் பதிவேட்டில் எப்படி மாற்றுவது?

இரண்டு வழி. ஆதாரில் புது முகவரி ஏற்கெனவே ஏறியிருந்தால் வேலை சுலபம். புரோட்டியன் (முன்பு என்எஸ்டிஎல் என்று சொல்வோமே, அதேதான்) அல்லது யுடிஐஐடிஎஸ்எல் தளத்தில், ஆதார் வழியாக முகவரியைப் புதுப்பிக்கும் பக்கம் இருக்கிறது. பான் எண், ஆதார் எண், ஆதாரோடு இணைந்த செல்போனுக்கு வரும் ஓடிபி. ஆதாரில் உள்ள முகவரி அப்படியே பான் பதிவேட்டுக்குப் போய்விடும். இதற்குக் கட்டணம் கிடையாது. யாராவது இதற்கு ஐந்நூறு கேட்டால் அது அவருடைய கூலி, அரசாங்கத்துக்குப் போவதில்லை.

ஆதாரில் ஊர் முகவரியே இருக்கட்டும், தபால் மட்டும் இப்போதைய வீட்டுக்கு வரட்டும் என்றால், பான் திருத்த விண்ணப்பம் போட வேண்டும். நூறு ரூபாய் சொச்சம் ஆகும், முகவரிச் சான்று வைக்க வேண்டும். அந்தப் படிவத்தில் எந்த விவரத்தை மாற்றுகிறோமோ அதற்கு எதிரே உள்ள கட்டத்தில் டிக் அடிக்க வேண்டும். டிக் அடிக்காமல் விட்டு, "மாறவே இல்லையே" என்று இரண்டாம் தடவை வருகிறவர்கள் உண்டு.

ஆதாரில் மாற்றியாச்சு. பானும் ஆதாரும் இணைந்துதானே இருக்கு? தானா மாறிடாதா?

மாறாது. இணைப்பு என்பது இரண்டும் ஒரே ஆளுடையது என்று உறுதி செய்வதற்குத்தான். அதற்குப் பெயர், பிறந்த தேதி, பாலினம் ஒத்துப்போனால் போதும், முகவரியைப் பார்ப்பதே இல்லை. அதனால் ஒரு நல்லதும் உண்டு: பானில் தூத்துக்குடி முகவரி, ஆதாரில் வள்ளியூர் முகவரி என்று இருந்தாலும் இணைப்பு முறியாது.

ரிட்டர்னில் புது முகவரி போட்டுட்டேனே, அது போதாதா?

எல்லாரும் கேட்கும் கேள்வி. நியாயமாகப் பார்த்தால் போதணும். ஆனால் சட்டம் அப்படிப் பார்க்கவில்லை.

ஐ-வென் இன்டராக்டிவ் என்று ஒரு மும்பை நிறுவனம். இடம் மாறிவிட்டது, ரிட்டர்னிலும் புது முகவரியைக் காட்டியிருந்தது. அதிகாரி பான் பதிவேட்டில் இருந்த பழைய முகவரிக்கு நோட்டீஸ் அனுப்பினார். புது முகவரிக்கும் பின்னால் அனுப்பினார்கள், ஆனால் அதற்குள் கெடு தாண்டிவிட்டது. "எங்களுக்கு உரிய நேரத்தில் நோட்டீஸ் வரவில்லை, ஆகவே நடவடிக்கை செல்லாது" என்று நிறுவனம் வாதாடி, மும்பை உயர் நீதிமன்றம் வரை ஜெயித்தது. 2019 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் அதைத் திருப்பிப் போட்டது. முகவரி மாறியதை அதிகாரிக்குத் தனியாகத் தெரிவிக்கவில்லை, பான் பதிவேட்டையும் மாற்றவில்லை. ரிட்டர்னில் எழுதியது மட்டும் தெரிவித்ததாக ஆகாது. பதிவேட்டு முகவரிக்கு அனுப்பிய நோட்டீஸ் சரியானதே. தீர்ப்பின் சாரம் இவ்வளவுதான்.

வக்கீல் வைத்து டெல்லி வரை போன கம்பெனிக்கே இந்தக் கதி. நமக்கு எதற்கு? பத்து நிமிஷ வேலை, பதிவேட்டை மாற்றிவிடலாம்.

பழைய வீட்டுக்குக் கடிதம் போனா என்ன? அவங்க எடுத்து வச்சிருப்பாங்களே.

எடுத்து வைப்பார்கள். அதுதான் பிரச்சினையே. என் கதையைச் சொல்கிறேன், ஊருக்கு உபதேசம் செய்கிறவன் கதை.

டவுனில் வாடகை வீட்டில் இருந்துவிட்டு பாளையங்கோட்டைக்கு மாறினேன். எல்லார் முகவரியையும் மாற்றிக் கொடுத்தவன், என்னுடையதை "அப்புறம் பார்க்கலாம்" என்று விட்டுவிட்டேன். சில மாதம் கழித்துக் கோயிலுக்குப் போன வழியில் பழைய வீட்டுக்காரர் ஆச்சியைப் பார்க்கப் போனேன். காபி கொடுத்துவிட்டு, "ஏய்யா, ஒனக்கு ஒரு கவரு வந்துச்சுல்லா, பத்திரமா வச்சிருக்கேன்" என்று எழுந்தார். சுவரில் தொங்கிய தினசரி காலண்டரைத் தூக்கி, அதன் பின்னால் ஆணியில் ரேஷன் ரசீது, கரண்ட் அட்டை, கல்யாணப் பத்திரிகை எல்லாவற்றோடும் குத்தி வைத்திருந்த கவரை உருவிக் கொடுத்தார். நடுவில் ஆணி ஓட்டை. பிரித்தால், பழைய பாக்கி ஒன்றுக்கு விளக்கம் கேட்டு வருமான வரி ஆபீஸ் எழுதிய கடிதம். பதில் சொல்லச் சொன்ன தேதி போய்ப் பன்னிரண்டு நாள் ஆகியிருந்தது. பாக்கி சின்னதுதான், கட்டிய சலானைக் காட்டி முடித்துவிட்டேன். ஆனாலும் அன்றைக்கு அந்தக் காபி இறங்கவில்லை.

ஆச்சி மேல் ஒரு குற்றமும் இல்லை. இன்னொன்றும் தெரிந்துகொள்ளுங்கள்: தபாலில் சேர்க்க முடியாவிட்டால் கதவில் ஒட்டிவிட்டுப் போகவும் சட்டத்தில் இடம் உண்டு. நீங்கள் இல்லாத வீட்டுக் கதவில் உங்கள் நோட்டீஸ் ஒட்டியிருந்தால் தெருவே படிக்கும், நீங்கள் மட்டும் படித்திருக்க மாட்டீர்கள்.

இப்ப எல்லாம் மெயிலில்தானே வருது? வீட்டு முகவரி எதுக்கு?

பாதி சரி. ரிட்டர்ன் சரிபார்ப்பது பெங்களூருவில் உள்ள மையம், அங்கிருந்து வருவதெல்லாம் மின்னஞ்சலும் குறுஞ்செய்தியும்தான். ரீஃபண்டும் 2019 மார்ச்சிலிருந்து வங்கிக் கணக்குக்கே வருகிறது, தபாலில் செக் வந்த காலம் போச்சு. ஆகவே இணையதளக் கணக்கில் உள்ள மின்னஞ்சலும் செல்போனும் வீட்டு முகவரியைவிட முக்கியம் என்றே சொல்வேன்.

அப்படியானால் அது யாருடைய மின்னஞ்சல்? அதைப் பாருங்கள். முதன்முதலில் கணக்குத் திறந்தது பஸ் ஸ்டாண்ட் பக்கத்து பிரவுசிங் சென்டரிலோ, ஆடிட்டர் ஆபீஸ் பையனோ. ஓடிபி சீக்கிரம் வரட்டும் என்று அவர்கள் நம்பரையே போட்டிருப்பார்கள். அந்தப் பையன் வேலையை விட்டுத் திருப்பூர் போய் மூன்று வருஷம் ஆகியிருக்கும். உங்கள் நோட்டீஸெல்லாம் அவன் பெட்டியில் போய் விழுந்துகொண்டிருக்கும். வந்த ரிட்டர்னில் கூட்டல் குறைத்தல் செய்யப்போகிறோம் என்று மையம் எழுதினால் பதிலுக்கு 30 நாள்தான். சும்மா இருந்தால் அவர்கள் கணக்குப்படியே முடித்துவிடுவார்கள்.

வருமான வரி இணையதளத்தில் நுழைந்து சுயவிவரப் பக்கத்தில் தொடர்பு விவரத்தைத் திறந்தால், முகவரி, செல்போன், மின்னஞ்சல் மூன்றையும் அங்கேயே திருத்தலாம், ஓடிபி கொடுத்தால் போதும். ஆடிட்டர் நம்பரை இரண்டாவது நம்பராக வையுங்கள். முதல் நம்பர் உங்களுடையதாக இருக்கட்டும். ஆடிட்டர் கோபித்துக்கொள்ள மாட்டார். நான் கோபித்துக்கொண்டதில்லை.

நாங்க வீடே மாறல. மாவட்டம்தான் மாறிச்சு. என்ன செய்ய?

சங்கரன்கோவில், கடையநல்லூர், செங்கோட்டை, ஆலங்குளம் பக்கத்திலிருந்து வருகிற கேள்வி. 2019 நவம்பர் 22-ல் தென்காசி தனி மாவட்டமாக ஆனது. அதற்கு முன் வாங்கிய பான், ஆதார் எல்லாவற்றிலும் திருநெல்வேலி மாவட்டம் என்றே இருக்கும். பயப்பட ஒன்றுமில்லை. தபால் போவது பின்கோடு பார்த்து, பின்கோடு மாறவில்லை. தென்காசி மாவட்டத்துக்காரர்களுக்கும் நமக்கும் இன்றைக்கும் 627 என்றுதான் தொடங்குகிறது. இதற்கென்று தனியாக அலைய வேண்டாம், வேறு திருத்தம் செய்யப் போகும்போது மாவட்டத்தையும் சேர்த்து மாற்றிவிடுங்கள். ஆனால் மற்ற ஆவணங்களில் எல்லாம் தென்காசி என்று மாற்றிவிட்டு, பானில் மட்டும் பழையபடி விட்டால், வங்கியில் ஒரு அதிகாரி கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு "இது ஏன் வேற மாதிரி இருக்கு?" என்று கேட்கத்தான் செய்வார்.

மூத்தவர்கள் சிலர் இதற்கெல்லாம் அசர மாட்டார்கள். 1986-ல் தூத்துக்குடி பிரிந்து சிதம்பரனார் மாவட்டம் ஆனதையே பார்த்தவர்கள்.

நம்ம ஊர் முகவரியைப் படிவத்தில் எப்படி எழுதுவது? கட்டம் பத்தமாட்டேங்குதே.

கட்டம் போட்டவர் கீழத்தெருவைப் பார்த்ததில்லை, அதுதான் காரணம். ஒவ்வொரு ஊரிலும் ஒரு கீழத்தெரு, ஒரு மேலத்தெரு, ஒரு நடுத்தெரு. அம்பாசமுத்திரம் வட்டத்தில் மட்டும் எத்தனை கீழத்தெரு என்று தபால்காரரைக் கேட்டுப் பாருங்கள். அதனால் தெருப் பெயரோடு ஊர்ப் பெயரைக் கட்டாயம் எழுதுங்கள். சின்ன ஊர் என்றால் எந்தத் தபால் நிலையம் வழியாக வருகிறதோ அதையும்.

கதவு எண்ணில்தான் கலாட்டா. புது எண் 14, பழைய எண் 6 என்று இரண்டும் கதவில் இருக்கும், மாநகராட்சி ரசீதில் ஒன்று, கரண்ட் பில்லில் இன்னொன்று. இரண்டையும் எழுதுங்கள், 14 பழையது 6 என்று. ஆதாரில் எப்படி இருக்கிறதோ அதே வரிசை, அதே எழுத்து. ஆதாரில் "தெற்குத் தெரு", பானில் "சவுத் ஸ்ட்ரீட்" என்று இருந்தால் நமக்கு ஒன்று, கம்ப்யூட்டருக்கு இரண்டு.

பின்கோடும் கவனம். வெளியூர்க்காரர்களுக்கு எல்லாம் திருநெல்வேலிதான், நமக்கு டவுன் வேறு, ஜங்ஷன் வேறு, பாளை வேறு. டவுன் 627006, பாளையங்கோட்டை 627002, மேலப்பாளையம் 627005. டவுனில் இருந்து பாளைக்கு வந்தவர்கள் தெருவை மாற்றிவிட்டு பின்கோடை மறந்துவிடுவார்கள். கவர் ஆற்றைத் தாண்டி அந்தப் பக்கம் போய்ச் சுற்றிக்கொண்டிருக்கும்.

மும்பையில் முப்பது வருஷம் இருந்துட்டு ஊரோட வந்தாச்சு. இங்க புது பான் வாங்கணுமா?

வாங்கவே வாங்காதீர்கள். ஒரு ஆளுக்கு ஒரு பான்தான், இரண்டாவது வைத்திருந்தால் 10,000 ரூபாய் அபராதம். தாராவியில் கடை வைத்திருந்து திரும்பி வந்த அண்ணாச்சிமார் சிலர் "பழசு மும்பைக்குச் சேந்தது" என்று நினைத்து இங்கே ஒன்று போட்டுவிடுகிறார்கள். பான் இந்தியா முழுமைக்கும் ஒன்றே. ஏற்கெனவே இரண்டு வாங்கிவிட்டால், ரிட்டர்னிலும் வங்கியிலும் ஓடுகிற ஒன்றை வைத்துக்கொண்டு மற்றதை ஒப்படைத்துவிடுங்கள்.

உங்களுக்கு மாற வேண்டியது அதிகாரி. ஒவ்வொரு பானும் ஒரு வருமான வரி அதிகாரியின் கீழ் இருக்கும். இணையதளத்தில் பானும் செல்போனும் கொடுத்தால் உங்கள் அதிகாரி யார் என்று காட்டும். மும்பை என்று வந்தால், அந்த அதிகாரிக்கு, இங்கே குடிவந்துவிட்டேன், என் பானை திருநெல்வேலிக்கு மாற்றிக் கொடுங்கள் என்று முகவரிச் சான்றோடு விண்ணப்பம் எழுத வேண்டும். அங்கே விட்டு, இங்கே ஏற்று, நடக்க நாளாகும். இப்போது பரிசீலனை பெரும்பாலும் ஆளைப் பார்க்காமல் கணினி வழியாக நடப்பதால் முன்போல் அவசரமில்லை. ஆனால் பழைய பாக்கி, பிடித்து வைத்த ரீஃபண்ட் என்று ஏதாவது இழுவை இருந்தால் கடைசியில் அந்த அதிகாரியிடம்தான் போய் நிற்க வேண்டும். அது பாளையங்கோட்டையிலா மும்பையிலா என்பது அன்றைக்குப் பெரிய வித்தியாசம்.

கல்யாணமாகி மாமியார் வீட்டுக்கு வந்தாச்சு. பெயரையும் மாற்றணுமா?

வேண்டியதில்லை. முகவரியை மட்டும் மாற்றுங்கள். பானில் அப்பா பெயர்தான், கல்யாணத்துக்குப் பிறகும் அப்பா பெயரேதான், வீட்டுக்காரர் பெயர் அங்கே வராது. ஆதாரில் புகுந்த வீட்டு முகவரிக்குச் சான்று இல்லையென்றால், குடும்பத் தலைவரின் ஒப்புதலோடு மாற்றும் வழி ஆதார் தளத்தில் இருக்கிறது, கணவர் செல்போனில் ஒப்புக்கொண்டால் போதும். ஒருவேளை பெயரையும் மாற்ற ஆசைப்பட்டால் ஆதார், வங்கி, பான் மூன்றிலும் ஒரே மாதிரி மாற்றுங்கள். ஒன்றில் மாற்றி மற்றதில் விட்டால்தான் பான்-ஆதார் இணைப்பிலேயே கோளாறு வரும்.

வளைகுடாவில் வேலை. எந்த முகவரியைக் கொடுக்க?

கடிதத்தைப் பிரித்துப் படம் எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்ப ஆள் இருக்கும் முகவரியை. பெரும்பாலும் அது ஊர் வீடு. வெளிநாட்டு முகவரியும் கொடுக்கலாம், அட்டையை அங்கே வரவழைக்க ஆயிரத்துக்கு மேல் ஆகும். துபாய் முகவரி போட்டால் வெளிநாட்டுவாழ் இந்தியர் ஆகிவிடலாம் என்று சிலர் நினைக்கிறார்கள். அதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை, அது இந்தியாவில் இருந்த நாளை எண்ணிப் பார்த்து முடிவாவது.

கடையை மாற்றினேன். ஜிஎஸ்டி?

இங்கேதான் கெடு இருக்கிறது. மாறிய 15 நாளுக்குள் ஜிஎஸ்டி தளத்தில் திருத்த விண்ணப்பம் போட வேண்டும். வாடகை ஒப்பந்தம், கட்டட உரிமையாளரின் சொத்து வரி ரசீது அல்லது கரண்ட் பில், உரிமையாளர் சம்மதக் கடிதம். அதிகாரி 15 வேலை நாளுக்குள் பார்த்து ஒப்புதல் தருவார். ரத வீதியிலிருந்து வண்ணார்பேட்டைக்கு வந்தாலும் சரி, சென்னைக்கே போனாலும் சரி, எண் மாறாது. புதுச் சான்றிதழை இறக்கிக் கடையில் மாட்டுங்கள், பில் புத்தகத்தில் முகவரியை மாற்றுங்கள். பழைய பில் புத்தகம் தீரட்டும் என்று காத்திருக்காதீர்கள்.

செங்கோட்டைக்காரர்கள் கவனிக்க. புளியரை தாண்டி ஆரியங்காவுப் பக்கம் கடையைக் கொண்டுபோனால் அது திருத்தம் அல்ல, புதுப் பதிவு. எண்ணின் முதல் இரண்டு இலக்கம் மாநிலம்: நமக்கு 33, கேரளத்துக்கு 32. அங்கே புதிதாக வாங்கிவிட்டு இங்கே உள்ளதை ரத்துசெய்ய வேண்டும், ரத்தான பிறகு மூன்று மாதத்துக்குள் இறுதி ரிட்டர்ன் ஒன்றும் உண்டு. இங்கே மிச்சமிருக்கும் உள்ளீட்டு வரியை (சரக்கு வாங்கும்போது கட்டி, கழித்துக்கொள்ள வேண்டிய வரி) அங்கே தூக்கிக்கொண்டு போக முடியாது. ஆகவே சரக்கை அங்குள்ள உங்கள் பதிவுக்கே பில் போட்டு அனுப்பி, அந்த வரிக்கு இங்குள்ள மிச்சத்தைக் கழித்துவிட்டு, பிறகு ரத்துக்குப் போங்கள். வரிசை மாறினால் நஷ்டம் உங்களுக்கு.

வீட்டு வரி, தொழில் வரி?

வீட்டு வரி வீட்டுக்கு, ஆளுக்கு அல்ல. வாடகைக்காரர் மாறினால் அதில் ஒன்றும் செய்ய வேண்டாம். சொந்த வீட்டை வாடகைக்கு விட்டுவிட்டு நீங்கள் வேறு இடம் போனால், வரி கட்டச் சொல்லி வரும் கேட்புச் சீட்டு வாடகைக்காரர் கையில் போகும். அதனால் மாநகராட்சிப் பதிவில் உங்கள் செல்போன் நம்பர் ஏறியிருக்கிறதா என்று வரிவிதிப்பு எண்ணைச் சொல்லி மண்டல அலுவலகத்தில் பாருங்கள். திருநெல்வேலி, தச்சநல்லூர், பாளையங்கோட்டை, மேலப்பாளையம் என்று நாலு மண்டலம், உங்கள் வீடு எதில் என்று தெரிந்துகொண்டு போனால் ஒரு பஸ் டிக்கெட் மிச்சம். ஏப்ரல், அக்டோபர் மாதத்துக்குள் கட்டினால் 5 சதவீதம் தள்ளுபடி, தெரியாமல் போனால் அதுவும் போச்சு.

தொழில் வரி வேலை பார்க்கும் இடத்தைப் பொறுத்தது. வீட்டை எங்கே மாற்றினாலும் அதற்குக் கவலையில்லை.

வண்டி?

30 நாளுக்குள் ஆர்சி புத்தகத்தில் முகவரி மாற்ற வேண்டும். டிஎன் 72 பலகையை மாற்ற வேண்டியதில்லை, தென்காசிக்குப் போனாலும்.

வருமான வரி என்று சொல்லி ஒரு கடிதம் புது வீட்டுக்கே வந்திருக்கு. நிஜமா?

2019 அக்டோபர் முதல் துறையின் கடிதங்களில் ஆவண அடையாள எண் இருக்கும். இணையதளத்தின் முகப்பிலேயே, உள்ளே நுழையாமலேயே, அந்த எண்ணைப் போட்டுப் பார்க்கலாம். நிஜமானால் "ஆம், நாங்கள் அனுப்பியதுதான்" என்று வரும். ஓடிபி கேட்பது, வங்கிக் கணக்கு கேட்டு லிங்க் அனுப்புவது எல்லாம் துறையின் வேலை அல்ல.

எல்லாம் மாற்றி முடிக்கிற வரைக்கும் பழைய வீட்டுக்கு வரும் தபாலை என்ன செய்ய?

பழைய பகுதியின் தபால் நிலையத்தில், இன்ன பெயருக்கு வருவதை இன்ன முகவரிக்குத் திருப்பி அனுப்பவும் என்று எழுதிக் கொடுக்கலாம். தபால்காரர் அண்ணனிடம் நேரில் ஒரு வார்த்தை சொல்லிவிடுவதும் நல்லது, காகிதத்தைவிட அது வேகமாக வேலை செய்யும். பழைய வீட்டிலும் சொல்லி வையுங்கள். எங்கள் ஆச்சிக்கு என் போன் நம்பரை காலண்டர் அட்டையிலேயே பெரிய எழுத்தில் எழுதிக் கொடுக்காமல், வருஷம் முடிந்தால் அட்டை போய்விடுமே என்று, ஆணிக்குப் பக்கத்தில் சுவரிலேயே பென்சிலால் எழுதிவிட்டு வந்திருக்கிறேன்.